144 ஃபிரேம்களிலிருந்து ஐந்து: கான்டாக்ட் ஷீட்டில் மேடைப் படங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

நிழல்முகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக டிஜிட்டல் கேமராவில் இசை நிகழ்ச்சிகளைப் படமெடுத்து வரும் நான், அண்மையில் முதல் முறையாக ஒரு நிகழ்ச்சி முழுவதையும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தேன். ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமை 1600 வேகத்துக்கு உயர்த்தி (அதாவது குறைந்த ஒளியில் எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டி) நான்கு சுருள்கள், சுருளுக்கு 36 என்று மொத்தம் 144 ஃபிரேம்கள். நானே கழுவி, நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி, நான்கு கான்டாக்ட் ஷீட்டுகளும் (நெகட்டிவ் துண்டுகளைத் தாள்மீது நேராக வைத்து, ஒரு சுருளின் எல்லா ஃபிரேம்களையும் அதே சிறு அளவில் ஒன்றாக அச்சிடும் தாள்) போட்டுவிட்டேன். ஷீட்டுகளை மேசையில் பரப்பி, சிவப்பு மெழுகுப் பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் திகைப்பு தொடங்கியது.

இசைக்குழுவினர் கேட்டிருப்பது ஐந்து படங்கள். நான் வட்டமிட்டிருப்பவை 31. மூன்று நாட்களாகப் பார்த்தும் இந்த எண்ணிக்கை குறையவில்லை. நேற்று இரண்டு கூடியும் விட்டது.

என் குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூன்றாவது ஷீட்டில் 22ஆம் ஃபிரேமில் பாடகி தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, இடக்கையை மேலே வீசியிருக்கிறார். கை கலங்கியிருக்கிறது, முகமும் கூர்மையாக இல்லை, ஃபோகஸ் மைக் ஸ்டாண்டில் போய் நின்றிருக்கிறது. அடுத்த 23ஆம் ஃபிரேமில் அதே பாடகி, அதே ஒளி, இமை முடி எண்ணலாம் போன்ற கூர்மை. ஆனால் அவர் பாடுகிறாரா, பேசுகிறாரா என்பதே தெரியவில்லை. எனக்குப் பிடித்தது 22. கொடுக்கத் துணிவு வருவது 23. இன்னொரு சிக்கலும் உண்டு. டிரம்ஸ் கலைஞர் தனியாக வாசித்த அந்தச் சில நிமிடங்கள்தான் அன்றைய நிகழ்ச்சியின் உச்சம். அப்போது எடுத்த ஒன்பது ஃபிரேம்களையும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை.

அனுபவமுள்ளவர்கள் கான்டாக்ட் ஷீட்டை எப்படிப் படிக்கிறீர்கள்? முதலில் பார்ப்பது கூர்மையையா, முகபாவத்தையா, சட்டகத்தின் அமைப்பையா?

இருட்டறைவாசி எழுதியது:

வணக்கம் நிழல்முகம். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பு ஷீட்டையே ஒரு முறை சந்தேகப்படச் சொல்வேன், ஏனென்றால் மேடைப் படங்களின் கான்டாக்ட் ஷீட் பார்ப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும். 400 ஃபிலிமை 1600க்கு உயர்த்தும்போது நிழற்பகுதிகளில் இல்லாத விவரம் புதிதாக வந்துவிடுவதில்லை. வெளிச்சப் பகுதிகள்தான் நெகட்டிவில் மேலும் அடர்ந்துகொண்டே போகின்றன. அதனால் எல்லா ஃபிரேம்களுக்கும் ஒரே நேர அளவு ஒளி கொடுத்துப் போட்ட ஷீட்டில், விளக்கு நேராக விழுந்த முகம் வெறும் வெள்ளைத் திட்டாகவும், பின்வரிசையில் நின்றவர் கறுப்புக்குள் மறைந்தவராகவும் தெரிவார்கள். முகம் நெகட்டிவில் இருக்கிறது, ஷீட்டில் இல்லை. நீங்கள் நிராகரித்த ஃபிரேம்களில் சிலவற்றை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை என்றுதான் இதற்குப் பொருள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் ஷீட்டைத் தாளுக்குச் சரியான நேரம் ஒளி கொடுத்துப் போடுவேன். ஃபிலிம் ஓரத்தில் உள்ள துளைகள் வழியே தாளில் விழும் கறுப்பும், அந்தத் துளைகளைச் சுற்றியுள்ள வெற்றுப் பட்டையின் கறுப்பும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடும் மிகக் குறைந்த நேரம் எதுவோ அதுவே சரியான நேரம். இந்த ஷீட் நான் மேடையில் எங்கே தவறினேன், எங்கே சரியாக அளந்தேன் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். பிறகு அதே நெகட்டிவை மென்மையான கிரேடில் (கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் குறைத்துக் காட்டும் தாளில்), அந்த நேரத்தில் பாதி கொடுத்து இரண்டாவது ஷீட் போடுவேன். பார்க்க அழகாக இராது. சாம்பல் பூத்துக் கிடக்கும். ஆனால் இருளுக்குள் நின்றவர்கள் அதில்தான் வெளியே வருவார்கள். தேவைப்பட்டால் நேரத்தைக் கூட்டி, வெளுத்த முகங்களுக்காக மூன்றாவது ஒன்றும் போடுவேன். மூன்று தாள்கள் செலவாவதைப் பெரிதாக நினைக்க வேண்டாம்.

இனிப் படிக்கும் முறை. முதல் சுற்றில் லூப்பை, அதாவது உருப்பெருக்குக் கண்ணாடியை, தொடவே மாட்டேன். ஒரு ஃபிரேமின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர். அந்தச் சிறுமைதான் கான்டாக்ட் ஷீட்டின் பலம். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது இமையும் பல்லும் தெரியாது. இருளும் ஒளியும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பது மட்டுமே தெரியும். அந்தத் தூரத்திலிருந்து கண்ணைப் பிடித்து இழுக்கும் ஃபிரேம்களின் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வேன், ஷீட்டில் கோடு போட மாட்டேன். அடுத்து ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பி அதையே மீண்டும் செய்வேன். தலைகீழான முகம் நமக்கு எளிதில் முகமாகத் தெரிவதில்லை, அதனால் பாடகரின் மீதுள்ள பிரியம் கண்ணை மறைப்பதில்லை. கிட்டாரின் கழுத்து சட்டகத்தை எங்கே வெட்டுகிறது, மூலையில் எரியும் விளக்கு எவ்வளவு தொல்லை தருகிறது என்பதெல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். இரண்டு பட்டியலிலும் வந்த எண்களுக்கு மட்டும் லூப்பை எடுப்பேன். எட்டு மடங்கு பெருக்கும் லூப் போதுமானது.

மூன்றாவதாக, கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு ‘ட’ வடிவத் துண்டுகள். அவற்றை ஃபிரேமின் மீது வைத்து நகர்த்தி நகர்த்தி, எங்கே வெட்டினால் படம் மூச்சு விடுகிறது என்று பார்ப்பேன். மேடைப் படங்களில் எங்கே நிற்பது என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. ஆகவே சட்டகத்தைப் பின்னால் திருத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ப்ளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் இசைத்தட்டுகளுக்காக ஃபிரான்சிஸ் வுல்ஃப் ஒலிப்பதிவு அமர்வுகளில் எடுத்த படங்களை, ரீட் மைல்ஸ் என்ற வடிவமைப்பாளர் எவ்வளவு கறாராக வெட்டி அட்டையாக்கினார் என்று தேடிப் பாருங்கள். அந்த அட்டைகளின் வலிமையில் பாதி வுல்ஃபின் ஒளி, பாதி மைல்ஸின் கத்தரிக்கோல்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சி முடிந்து குறைந்தது பத்து நாட்களாவது போகட்டும். உங்கள் காதில் அந்த இசை இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை, படத்தில் இல்லாத ஒலியை நீங்களே அதற்குக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓரவரிசை எழுதியது:

இருட்டறைவாசி கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஓர் இசை இதழில் படத்தேர்வு மேசையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். புகைப்படக் கலைஞர்கள் தங்கள் ஷீட்டுகளைச் சிவப்பு வட்டங்களோடு கொண்டுவந்து தருவார்கள்; நான் என் மஞ்சள் பென்சிலை எடுத்துக்கொண்டு, வட்டங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றபடியே முதலிலிருந்து படிப்பேன். இருவரின் வட்டமும் ஒரே ஃபிரேமில் விழுவது நீங்கள் நினைப்பதைவிட அபூர்வம். அவர்கள் வட்டமிட்டது, எடுக்கக் கஷ்டப்பட்ட படத்தை. யார் காலை மிதித்து, எத்தனை பேரைத் தாண்டி, எந்த நொடியில் அந்தப் படம் கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் எங்களுக்கு. உங்கள் டிரம்ஸ் ஃபிரேம்கள் ஒன்பதும் இந்த வகைதான் என்று அஞ்சுகிறேன். அவற்றை, அந்த நிகழ்ச்சிக்கு வராத ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். அவர் எதில் தயங்கி நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

எடுத்தவரே சிறந்த நீதிபதி அல்ல என்பதற்கு இசைப் புகைப்பட வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பலேடியம் அரங்கில், தி கிளாஷ் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பால் சிமொனன் தன் கிட்டாரை மேடையில் ஓங்கி அடித்து உடைத்த கணத்தைப் பென்னி ஸ்மித் படமெடுத்தார். ஃபோகஸ் தவறியிருக்கிறது என்று சொல்லி, அந்தப் படத்தை ‘லண்டன் காலிங்’ தொகுப்பின் அட்டைக்குப் பயன்படுத்த அவரே தயங்கினார். பிடிவாதமாக நின்றவர்கள் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரும் அட்டையை வடிவமைத்த ரே லோரியும்தான். முகமே சரியாகத் தெரியாத அந்தப் படம் இன்று ராக் இசையின் முகமாகவே நிற்கிறது. உங்கள் 22ஆம் ஃபிரேமைத் தூக்கி எறியும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அதே நேரத்தில், இதற்கு நேர்மாறான தேர்வும் உண்டு. 1969 ஆகஸ்ட் 8 அன்று ‘ஆபி ரோடு’ அட்டைக்காக இயன் மக்மில்லன் நடுச்சாலையில் ஏணி போட்டு ஏறி, காவலர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருக்க, பீட்டில்ஸ் நால்வரும் சாலையைக் கடப்பதை எடுத்தவை மொத்தம் ஆறே ஃபிரேம்கள். பால் மெக்கார்ட்னி தேர்ந்தெடுத்தது ஐந்தாவதை. நால்வரின் கால்களும் ஒரே தாளத்தில் விரிந்து, நான்கு கத்தரிகள் வரிசையாக நிற்பது போல அமைந்தது அதில்தான். ஆறு ஃபிரேம்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அந்த ஐந்தாவது ஏன் ஐந்தாவது என்பது புரியும். கான்டாக்ட் ஷீட் நமக்குச் செய்யும் பெரிய உதவி இதுவே: ஒரு படத்தை அதன் அக்கம்பக்கத்தோடு காட்டுகிறது.

பாடுபவர்களின் படங்களைப் பொறுத்தவரை, நான் லூப்பில் முதலில் பார்ப்பது வாயைத்தான். ‘ஆ’ என்று பாடும்போது தாடை இறங்கி முகம் நீள்கிறது, தொண்டை திறக்கிறது. படத்தில் அது பெரும்பாலும் நன்றாக வரும். ‘ஈ’ உதடுகளை இருபுறமும் இழுத்துப் பற்களைக் காட்டிக் கழுத்து நரம்பைப் புடைக்க வைக்கும். அது வலியாகவும் தெரியலாம், சிரிப்பாகவும் தெரியலாம். ‘ஊ’, ‘ஓ’ இரண்டும் உதட்டைக் குவித்துவிடும். ‘ம’, ‘ப’ வரும் இடத்தில் வாய் மூடிவிடுவதால், உலகையே உருக்கும் பாட்டு பாடுபவரும் யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போலத் தெரிவார். உங்கள் 23ஆம் ஃபிரேம் அப்படி ஒரு மெய்யெழுத்தில் சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எழுத்துகளுக்கு அப்பால் இன்னொரு கணமும் இருக்கிறது: ஒரு வரி முடிந்து, உதடு மைக்கை விட்டு விலகி, கண் இன்னும் திறக்காமல் இருக்கும் அரை நொடி. என் மஞ்சள் வட்டங்களில் பெரும்பகுதி அந்த அரை நொடியில்தான் விழுந்திருக்கின்றன.

வாயைப் பார்த்த பிறகு மைக்கின் நிழல் முகவாயில் தாடி போல விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷீட்டில் தெரியாது, பெரிதாக்கியதும் படத்தைக் கெடுத்துவிடும்.

மேடையோரம் எழுதியது:

ஓரவரிசை அய்யா எழுதியதை மதிப்போடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். பென்னி ஸ்மித்தின் அந்த ஒரு படத்தைக் காட்டி, ஃபோகஸ் தவறிய எல்லாப் படங்களுக்கும் நியாயம் தேடும் பழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. கலங்கல் இரண்டு வகை. உடல் அசைந்ததால் வருவது ஒன்று. அதற்குத் திசை இருக்கும், எங்கிருந்து எங்கே போனது என்று கண் பின்தொடர முடியும். லென்ஸ் வேறெங்கோ ஃபோகஸ் ஆனதால் வருவது மற்றொன்று. அதற்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊறிப்போயிருக்கும். முதல் வகையில் இசை இருக்கிறது. இரண்டாவது வகை பெரும்பாலும் வெறும் தவறுதான். அதையும் மீறி ஒரு படம் நிற்க வேண்டுமானால், கண் கால் ஊன்றி நிற்பதற்குச் சட்டகத்துக்குள் கூர்மையான ஓர் இடமாவது இருக்க வேண்டும். டிரம்ஸ் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேலே ஏறி முடிந்து கீழே திரும்பும் உச்சியில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. 1/125 நொடியில்கூட அங்கே கூர்மையாகக் கிடைத்துவிடும். பாதி வழியில் அதே குச்சி விசிறியாக விரியும். முகம் கூர்மையாகவும் குச்சி விசிறியாகவும் இருந்தால் வேகம் தெரியும். முகமும் கலங்கிக் குச்சியும் கலங்கினால் எதுவுமே தெரியாது. உங்கள் ஒன்பது ஃபிரேம்களை இந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள்.

நான் முழுக்க டிஜிட்டலில் வேலை செய்பவன். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாடல்களுக்கு மட்டும், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அனுமதிப்பார்கள்; அந்தச் சில நிமிடங்களிலேயே அறுநூறு எழுநூறு படங்கள் சேர்ந்துவிடும். நெடுங்காலம் நான் அவற்றை ஒவ்வொன்றாகத் திரை நிறையப் பார்த்துக் கொடியும் நட்சத்திரமும் கொடுத்து வந்தேன். நூறு சதவீதம் பெருக்கிக் கண்ணிமை கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதன் விளைவு, கூர்மையான, சரியான, யாருக்கும் நினைவில் நிற்காத படங்களின் வரிசை. பிறகு ஒரு மூத்த கலைஞரின் யோசனைப்படி, முதல் சுற்றை முழுக்கச் சிறு படங்களின் கட்டத்தில், வரிசைக்கு ஆறாக வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். இருட்டறைவாசி சொல்லும் கை நீட்டும் தூரம் அதுதான். தேர்வே மாறிவிட்டது. கேமராவிலேயே படங்களை அழிப்பதையும் அன்றோடு விட்டேன். ஃபிலிமில் தோற்றுப்போன ஃபிரேமும் அதன் இடத்திலேயே இருக்கிறது. நாமோ அதை அழித்துவிட்டு, வென்ற படம் எதை வென்றது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஐந்து படங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சிறந்த ஐந்து படங்களும், சேர்ந்து நிற்கக்கூடிய ஐந்து படங்களும் ஒன்றல்ல. தனியாக வென்ற ஐந்திலும் பாடகியின் முகமே இருந்தால், அது ஒரே படத்தை ஐந்து முறை கொடுத்ததாகவே முடியும். ஒன்று அரங்கின் பரப்பைச் சொல்லட்டும், ஒன்றில் கைகள் மட்டும் இருக்கட்டும், ஒன்றில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நிழல்முகம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம். கலைஞர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதும் தேர்வில் வர வேண்டுமா? பாடகி மேடையில் இறுக்கமான முகம் கொண்டவர் என்று பெயர் எடுத்தவர். என்னிடம் அவர் சிரிக்கும் ஃபிரேம் ஒன்று இருக்கிறது.

ஓரவரிசை எழுதியது:

வர வேண்டும்; ஆனால் கடைசியாக வர வேண்டும். 1997இல் பாரன் கிளைபோர்ன் எடுத்த, தலையில் பிளாஸ்டிக் கிரீடம் சாய்த்து வைத்த ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலகம் அறிந்தது இறுகிய முகத்தோடு இருக்கும் அந்த ஃபிரேமை. அதே ஷீட்டில் அவர் வாய்விட்டுச் சிரிக்கும் ஃபிரேமும் இருக்கிறது. அரசர் என்ற கருத்துக்கு இறுகிய முகம் பொருந்தியது, அது வெளியே போனது. படம் எடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 9 அன்று, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அந்த ஷீட்டைப் பார்க்கும் எவரும் சிரிப்பில்தான் அதிக நேரம் நின்றுவிடுகிறார்கள். அன்று செய்த தேர்வு தவறல்ல. எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மாறும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் மாறுகிறது. குழுவுக்குக் கொடுக்கும் ஐந்தில் அந்தச் சிரிப்பு இடம்பெறாவிட்டாலும், ஷீட்டில் அதற்கு வேறு நிறத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

நிழல்முகம் எழுதியது:

பத்து நாள் காத்திருந்துவிட்டு எழுதுகிறேன். இருட்டறைவாசி சொன்னபடி மென்மையான கிரேடில், பாதி நேரத்தில் நான்கு ஷீட்டுகளையும் மறுபடி போட்டேன். முதல் ஷீட்டின் 36ஆம் ஃபிரேம், சுருளை முடிப்பதற்காக இரண்டு பாடல்களுக்கு இடையில் ஏதோ நினைவில் அழுத்தியது. முதல் முறை அது வெறும் கறுப்பு. இடப்பக்க ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. இப்போது பார்த்தால், டிரம்ஸ் கலைஞர் காதை டிரம்மின் தோலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு விரலால் அந்தத் தோலைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாடகி தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். இரண்டு ஒளித் திட்டுகள், நடுவில் ஓர் இருட்டு, அதன் குறுக்கே சிம்பலின் விளிம்பு ஒரு மெல்லிய கோடாக. எடுத்த நினைவே எனக்கு இல்லாத படம் இது.

ஒன்பது டிரம்ஸ் ஃபிரேம்களையும் என் தங்கையிடம் கொடுத்தேன். அவள் நிகழ்ச்சிக்கு வரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரே வேகத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். ஒன்பதில் எதிலும் நிற்கவில்லை. ஒன்பதும் போயின. அன்று என் நெஞ்சில் விழுந்த அடிகள் ஃபிலிமில் விழவில்லை என்பதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

மூன்றாவது ஷீட்டின் 22, 23 இரண்டையும் சிறிய அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். மேடையோரம் சொன்ன கூர்மையான இடம் 22இல் இருக்கிறது: மைக் ஸ்டாண்டின் மரைத் திருகுவரை தெளிவாகத் தெரிகிறது. முன்பு அதைத்தான் என் தவறின் அடையாளமாக நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கம்பி அசையாமல் நிற்பதால்தான் அதற்குப் பின்னால் பாடகி அவ்வளவு தூரம் சாய்ந்தது தெரிகிறது. 23ஐக் கழற்றிவிட்டேன்.

இப்போது நான்கு முடிவாகிவிட்டன. ஐந்தாவதற்கு, கைகள் மட்டும் உள்ள படம் ஒன்றைத் தேடி இரண்டாவது ஷீட்டில் லூப்போடு உட்கார்ந்திருக்கிறேன். 14, 15 இரண்டும் சாக்ஸஃபோன் விசைகளின் மீது விரல்கள். 15இல் சுண்டுவிரல் மட்டும் விசையை விட்டு எழும்பி நிற்கிறது. இன்றிரவு அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.